காப்பகத்துக்கு ஒரு தொகை கிடைத்தால் முதலில் எது: குளிர் அறையா, ஸ்கேனரா, மீட்டெடுப்பா, ஆட்களா?

பொதுத் திரைப்படக் காப்பகம் ஒன்றுக்கு உதவலாம் என்று பத்துப் பேர் கூடினால், அரை மணி நேரத்தில் கூட்டம் நாலாகப் பிரிந்துவிடும். ஒருவர் நல்ல குளிர் அறை கட்டுவோம் என்பார். அடுத்தவர், இந்தக் காலத்தில் என்னங்க குளிர் அறை, எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணிப் போட்டால் வேலை முடிந்தது என்பார். மூன்றாமவருக்குப் பழைய படம் ஒன்றைத் துடைத்துப் பளிச்சென்று ஆக்கி விழாவில் திரையிட வேண்டும். நான்காவது ஆள், பெரும்பாலும் காப்பகத்திலேயே வேலை பார்த்துச் சலித்தவர், "ரெண்டு பேரை வேலைக்கு எடுத்துக் குடுங்க, போதும்" என்று மெதுவாகச் சொல்வார். அவரை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

காப்பகக் குழுவில் இருப்பவர்கள், திரைப்படச் சங்கம் நடத்துபவர்கள், குடும்பத்துப் பணத்தில் ஏதாவது செய்ய நினைப்பவர்கள் என்று பலரும் என்னிடம் இதைக் கேட்டிருக்கிறார்கள். நாலும் வேண்டும் என்று சொல்லித் தப்பித்துவிடலாம். உண்மையும் அதுதான். ஆனால் கையில் இருப்பது ஒரு தொகை, அதுவும் ஒரு முறை கிடைப்பது. அதனால் வரிசை போட்டே ஆக வேண்டும்.

## அதற்கு முன், டப்பாவுக்குள் என்ன இருக்கிறது

இது தெரியாமல் பேசினால் மேலே சொன்ன நாலு பேரும் நாலு வேறு விஷயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

1950-களின் தொடக்கம் வரை 35 மிமீ படங்கள் நைட்ரேட் சுருளில் வந்தன. அது பற்றிக்கொண்டால் எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே உண்டாக்கிக்கொள்ளும், தண்ணீரில் முக்கினாலும் அணையாது. 2003 ஜனவரியில் புனேயில் ஒரு கிடங்கு எரிந்து இந்தியாவின் ஆரம்பகால நைட்ரேட் சுருள்கள் ஏராளமாகப் போயின. மெக்சிகோவின் தேசியத் திரைப்படக் காப்பகம் 1982 மார்ச்சில் எரிந்தது. அடுத்து வந்த அசிடேட் சுருளுக்குப் பாதுகாப்புச் சுருள் என்றே பெயர். அது எரியவில்லை, புளித்தது. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அசிடேட்டிலிருந்து அசிட்டிக் அமிலம் வெளியேறும், அந்த அமிலமே சிதைவை இன்னும் வேகப்படுத்தும், சுருள் சுருங்கி அலை அலையாக வளையும். காப்பகத்தில் வேலை செய்பவர்கள் இதை வினிகர் நோய் என்பார்கள். இதோடு வண்ணச் சாயம் வெளுக்கும் பிரச்சினை தனி. 1950-களிலிருந்து 80-களின் தொடக்கம் வரையிலான பல வண்ணப் பிரிண்டுகள் இன்று முழுக்க ரோஸ் நிறத்தில் இருப்பதற்குக் காரணம், நீலப்பச்சைச் சாயம் முதலில் ஓடிவிட்டதுதான். பாலியஸ்டர் சுருளுக்கு இந்த வினிகர் தொல்லை கிடையாது.

இவை போக, காந்த டேப்புகள். அப்புறம் பிறக்கும்போதே டிஜிட்டலாகப் பிறந்த இன்றைய படங்கள். இந்த இரண்டுக்கும் கணக்கே வேறு, கடைசியில் வருகிறேன்.

## எதை வைத்து அளப்பது

நான் ஐந்து கேள்வி கேட்பேன். போட்ட பணம் எத்தனை படங்களைத் தொடும்? மூலச் சுருளின் ஆயுளைக் கூட்டுமா, இல்லை அதிலிருந்து ஒரு நகலை மட்டும் எடுத்துத் தருமா? தப்பு நடந்தால் திரும்பச் செய்ய வழி இருக்கிறதா? மக்கள் கண்ணுக்கு ஏதாவது வந்து சேருமா?

ஐந்தாவது கேள்விக்குத்தான் நான் மற்ற நாலையும் விட அதிக மதிப்பெண் தருவேன்: மூன்று வருடம் பணம் நின்றுபோனால் என்ன ஆகும்?

இது பயமுறுத்தலுக்காகச் சொல்வதில்லை. பொதுக் காப்பகம் என்றால் அரசு மாறும், அமைச்சர் மாறுவார், துறையையே இன்னொன்றோடு இணைப்பார்கள், ஒரு நிதியாண்டில் பூஜ்யம் என்று எழுதுவார்கள். பிரேசிலின் சினெமாடெகா பிரசிலேராவுக்கு இதுதான் நடந்தது. நிர்வாக ஒப்பந்தச் சிக்கலில் 2020 ஆகஸ்டில் ஊழியர்கள் மொத்தமாக வெளியேற்றப்பட்டார்கள். சுருள்களைத் திறந்து பார்க்க ஆள் இல்லை. தீப்பிடிக்கும் என்று முன்னாள் ஊழியர்கள் வெளிப்படையாகவே எச்சரித்தார்கள். 2021 ஜூலை 29 அன்று சாவோ பாவ்லோவில் அதன் கிடங்குகளில் ஒன்று எரிந்தது. தென் அமெரிக்காவின் பெரிய காப்பகங்களில் ஒன்று அது, ஏதோ மூலையில் கிடந்த சின்ன இடம் இல்லை.

எனவே ஒவ்வொரு வழியையும் இந்தப் பட்டினிக் கேள்வியை மனதில் வைத்தே பார்க்கலாம்.

## குளிர் அறை

நாலில் கவர்ச்சியே இல்லாதது இதுதான். சுருளைக் குளிரில் வைத்துக் கதவை மூடுகிறோம், அவ்வளவுதான். திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் இரண்டு நிமிடம் நடுங்கிவிட்டு வெளியே போய் டீ குடிப்பார்கள்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். அசிடேட் சுருள் ஏறக்குறைய 21 டிகிரி வெப்பத்திலும் 50 சதவீத ஈரப்பதத்திலும் இருந்தால் வினிகர் நோய் தொடங்குவதற்கு 40, 50 ஆண்டுகள் ஆகும் என்பது அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் உள்ள இமேஜ் பெர்மனன்ஸ் இன்ஸ்டிடியூட் ஆய்வு செய்து தந்த மதிப்பீடு. வெப்பம் 5, 6 டிகிரி இறங்க இறங்க அந்த ஆயுள் சுமார் இரட்டிப்பாகிக்கொண்டே போகும். உறைநிலைக்குப் பக்கத்தில் போனால் கணக்கு நூற்றாண்டுகளில் வரும். அதே சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால், 30 டிகிரியில் புழுங்கும் கிடங்கில் இருக்கும் சுருளுக்கு எவ்வளவு காலம் என்பதும் தெரிந்துவிடும். ஒரே ஒரு செலவு, உள்ளே இருக்கும் பத்தாயிரம் டப்பாவுக்கும் ஒரே நேரத்தில் ஆயுளைக் கூட்டுகிறது என்றால் அது இது மட்டும்தான். அதிலும் சாயம் வெளுப்பதைத் தாமதப்படுத்தக் குளிரை விட்டால் வேறு மருந்து கிடையாது. இருட்டில் வைத்தாலும் வெளுக்கத்தான் செய்யும்.

பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் தன் மூலச் சுருள்களை வார்விக்ஷயரில் கட்டிய கிடங்கில் மைனஸ் 5 டிகிரியிலும் 35 சதவீத ஈரப்பதத்திலும் வைத்திருக்கிறது. அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 2007 முதல் வைத்திருக்கும் இடம் இன்னும் வேடிக்கையானது. அணுகுண்டுப் போர் வந்தால் நாட்டில் புழங்கப் பணம் வேண்டுமே என்று மத்திய வங்கி மலைச்சரிவுக்குள் கட்டிய பதுங்கு அறை அது. நோட்டுக்கட்டு போய், இப்போது படச்சுருளும் ஒலிப்பதிவும் இருக்கின்றன. நைட்ரேட்டுக்கு மட்டும் தனித்தனியாக 124 அறைகள்.

குளிரின் வேலையைக் காட்ட இதை விட நல்ல உதாரணம் கனடாவின் டாசன் நகரம். 1929-இல் அங்கே தேவையில்லை என்று நூற்றுக்கணக்கான நைட்ரேட் ரீல்களை ஒரு பழைய நீச்சல் குளத்தில் கொட்டி மண்ணை மூடிவிட்டார்கள். 1978-இல் கட்டட வேலைக்குத் தோண்டியபோது 533 ரீல்கள் வெளியே வந்தன. அரை நூற்றாண்டாக அவற்றை யாரும் பராமரிக்கவில்லை, நிரந்தரமாக உறைந்த மண்தான் பராமரித்தது. ஓரங்களில் தண்ணீர்க் கறை, மற்றபடி படம் இருந்தது. பட்டினிக் கேள்விக்கு இதை விடத் தெளிவான விடை எனக்குக் கிடைத்ததில்லை.

மறைவான செலவுகள்: மின்சாரக் கட்டணம் நிற்கவே நிற்காது. குளிரை விட ஈரத்தைக் கட்டுப்படுத்துவதுதான் கஷ்டம், ஈரம் உறிஞ்சும் இயந்திரம் கெட்டால் குளிர்ந்த சதுப்பு நிலம்தான் மிஞ்சும். குளிரிலிருந்து சுருளை நேராக வெளியே எடுத்தால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் மாதிரி வியர்க்கும், எனவே இடைவெப்பத்தில் வைத்து மெல்லச் சூடேற்ற இன்னொரு அறை வேண்டும். ஏற்கெனவே புளித்துப்போன சுருளைத் தனியாக வைக்க வேண்டும், இல்லையென்றால் அதன் ஆவி பக்கத்து டப்பாவையும் கெடுக்கும். நைட்ரேட்டை மற்றவற்றோடு சேர்க்கவே கூடாது. இன்னொன்று, உள்ளே போனது என்ன என்று எழுதி வைக்காமல் போட்டால், அது அருமையாகக் குளிரூட்டப்பட்ட குப்பை.

பெரிய அறை கட்டும் அளவுக்குப் பணமில்லாத சிறிய காப்பகத்துக்கு ஒரு நடுவழி உண்டு. சுருளை ஈரம் புகாத பைகள் இரண்டில் ஒன்றுக்குள் ஒன்றாக இறுக மூடி, உள்ளே ஈரம் காட்டும் அட்டை ஒன்றை வைத்து, சாதாரண ஃப்ரீசரில் அடுக்குவது. பார்க்க ஏழைத்தனமாக இருக்கும், வேலை செய்யும்.

## ஸ்கேன் செய்து டிஜிட்டலாக்குவது

எல்லோருக்கும் பிடித்த வழி. எனக்கும் பிடிக்கும். பார்க்க முடியாத படம் இருந்தும் இல்லாத படம்தான், ஸ்கேன் செய்தால்தான் ஆய்வாளரும் மாணவரும் பார்வையாளரும் பார்க்க முடியும். மூலத்தைத் திரும்பத் திரும்ப இயந்திரத்தில் ஓட்டிக் கிழிக்கவும் வேண்டாம். சுருங்கிப்போன சுருளைப் பல்சக்கரம் இல்லாமல் இழுத்துச் செல்லும் ஸ்கேனர்கள் இன்று இருக்கின்றன. 20 ஆண்டுகளுக்கு முன் தொடவே பயந்திருப்போம்.

தகராறு, "ஸ்கேன் பண்ணியாச்சு, பத்திரமாயிடுச்சு" என்ற வாக்கியத்தில் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. 35 மிமீ சட்டகம் (ஃபிரேம்) ஒன்றை முழுதாக 4கே அளவில், காப்பகங்கள் வைக்கும் தரத்தில் ஸ்கேன் செய்தால் ஒரு சட்டகத்துக்குச் சுமார் 51 மெகாபைட். நொடிக்கு 24 சட்டகம். இரண்டரை மணி நேரப் படத்துக்கு 2,16,000 சட்டகங்கள், அதாவது 11 டெராபைட். ஒரு நகல் போதாது, குறைந்தது மூன்று வேண்டும், அதில் ஒன்று வேறு ஊரில். ஆக ஒரு படத்துக்கு 33 டெராபைட். தரம் இழக்காமல் சுருக்கும் எஃப்எஃப்வி1 மாதிரியான திறந்த வடிவங்கள் இதைக் கணிசமாகக் குறைக்கின்றன. அதைச் செய்யாத காப்பகம் வீண்செலவு செய்கிறது என்றே சொல்வேன். குறைத்தாலும் ஆயிரம் படம் என்று பெருக்கிப் பாருங்கள்.

அதை எதில் வைப்பது? பெரும்பாலானவர்கள் எல்டிஓ என்ற கணினித் தரவு டேப்பில் வைக்கிறார்கள். நல்ல டேப், 30 ஆண்டு தாங்கும் என்பார்கள். தாங்கட்டும், அதைப் படிக்கும் டிரைவ் தாங்குமா? 2010-இல் வந்தது எல்டிஓ 5. 2015-இல் வந்த எல்டிஓ 7 டிரைவ் அதைப் படிக்கும். 2017-இல் வந்த எல்டிஓ 8 படிக்காது, 6-ஐயும் படிக்காது. ஏழே வருடத்தில் இவ்வளவும். ஆகையால் ஐந்து முதல் ஏழு ஆண்டுக்கு ஒரு முறை எல்லாத் தரவையும் புதிய டேப்புக்கு மாற்றி, ஒரு பிட் கூடக் கெடவில்லை என்று சரிபார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வீடு வாங்கியதாக நினைத்தோம், உண்மையில் வாடகைக்குக் குடிபோயிருக்கிறோம். ஆஸ்கர் விருது தரும் அமெரிக்க அகாடமி 2007-இல் வெளியிட்ட அறிக்கையில், ஒரு படத்தின் 4கே டிஜிட்டல் மூலத்தை ஓராண்டு பராமரிப்பதற்கு ஆகும் செலவு, சுருளாக வைத்திருப்பதைப் போல் சுமார் 11 மடங்கு என்று கணக்கிட்டார்கள். அதன் பிறகு சேமிப்பு விலை இறங்கியிருக்கிறது, அந்த விகிதத்தை அப்படியே இன்றைக்குப் போட வேண்டாம். வாடகை வாடகைதான்.

இதில் இன்னொரு பாடமும் உண்டு. 1990-களில் தொலைக்காட்சித் தரத்தில் டேப்பாக மாற்றி, இனி இது எதற்கு என்று பிரிண்டைத் தூக்கிப் போட்டவர்கள் இருக்கிறார்கள். அந்த டேப்பை இன்று பெரிய திரையில் போட்டால் கஞ்சி ஆறி ஆடை படர்ந்த மாதிரி இருக்கும், திரும்ப ஸ்கேன் செய்யச் சுருள் இல்லை. மூலம் இருந்தால் எந்த ஸ்கேனும் திருத்தக்கூடிய தப்பு, மூலம் போய்விட்டால் அதுவே கடைசி வார்த்தை. உலகத் திரைப்படக் காப்பகங்களின் கூட்டமைப்பான ஃபியாஃப், 1938-இல் தொடங்கியது, தன் 70-வது ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின் சாரமே சுருளைத் தூக்கி எறியாதீர்கள் என்பதுதான்.

மறைவான செலவு என்று பார்த்தால் ஸ்கேனரின் விலை சின்னது. ஸ்கேனுக்கு முந்தைய வேலை பெரியது: கிழிந்த துளைகளை ஒட்டுவது, பசை காய்ந்து விட்டுப்போன ஒட்டுகளைப் பிரித்துத் திரும்ப ஒட்டுவது, கழுவுவது. ஆயிரம் அடி ரீல் திரையில் ஓடுவது 11 நிமிடம், அதைத் தயார்செய்ய ஒரு நாள் போகும் சமயம் உண்டு. இரண்டரை மணி நேரப் படத்துக்குச் சுமார் 14 ரீல், ஒலி நெகட்டிவ் தனி என்றால் அதன் இரு மடங்கு.

பணம் நின்றால்? எல்டிஓ டிரைவ் ஒன்று பழுதாகி, டேப் மாற்ற வேண்டிய ஆண்டில் நிதி வராமல் போனால் தரவு மெல்ல மங்காது, ஒரே நாளில் திறக்காமல் போகும். சுருள் நோய்வாய்ப்படும், தரவு மாரடைப்பில் போகும்.

## ஒரு படத்தை முழுதாக மீட்டெடுப்பது

இதன் பலம் வெளிப்படை. கோடு விழுந்த, துள்ளுகிற, வெளுத்த படம் புத்தம் புதிதாகத் திரையில் வரும்போது அரங்கமே நிமிர்ந்து உட்காரும். கான் விழாவில் 2004 முதல் பழைய படங்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, இத்தாலியின் போலோன்யாவில் 1986 முதல் அதற்கென்றே ஒரு விழா நடக்கிறது. நன்கொடையாளர் பெயரைப் படத்தின் முதல் அட்டையில் போடலாம். காப்பகம் என்று ஒன்று இருப்பதே பலருக்கு இப்படித்தான் தெரியவருகிறது, அதைக் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் ஒரு படத்துக்கு ஆகும் பணத்தில் எத்தனை படத்தைக் குளிரில் வைத்திருக்கலாம் என்று கேட்டுவிட்டால் சங்கடம்தான். இன்னொன்று, மீட்டெடுப்பு என்பது முடிவுகளின் தொகுப்பு. இரவுக் காட்சி எவ்வளவு நீலமாக இருக்க வேண்டும்? ஒளிப்பதிவாளர் உயிரோடு இல்லை, கையில் இருக்கும் பிரிண்ட் ரோஸ். கோட்டைத் துடைக்கிற மென்பொருள் சுருளின் மணல்துகள் போன்ற தன்மையையும் சேர்த்துத் துடைத்துவிட்டால் நடிகர்களுக்கு மெழுகு முகம் வந்துவிடும், இப்போது செயற்கை நுண்ணறிவை வைத்து மூக்கையும் கண்ணையும் புதிதாக வரைகிறார்கள், அதற்கு மீட்டெடுப்பு என்று பெயர் வேறு. துடைப்பதற்கு முந்தைய ஸ்கேனை அப்படியே வைத்திருந்தால் அடுத்த தலைமுறை திருத்திக்கொள்ளும். வைத்திருக்க வேண்டும் என்றால் மறுபடியும் அந்த 33 டெராபைட் வாடகை. உரிமையாளர்களைத் தேடிப் பிடித்து ஒப்புதல் வாங்குவது அதற்கு மேல், அதில் வருடங்கள் போகும்.

சத்யஜித் ராயின் அப்பு முப்படங்களின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1993-இல் லண்டனில் ஒரு லேப் எரிந்தபோது மூல நெகட்டிவ்கள் கருகின. எந்த லேபும் இதை வைத்துப் பிரிண்ட் போட முடியாது என்ற நிலை. அகாடமியின் காப்பகம் அந்தக் கரிக்கட்டைகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது. சுமார் 20 ஆண்டுகளுக்குப் பிறகு போலோன்யாவின் லேப் ஒன்றில் அவற்றுக்கு ஈரமூட்டி, விரிசலை ஒட்டி, துளைகளைச் சீராக்கினார்கள், கையால் செய்த வேலை மட்டும் ஏறக்குறைய ஆயிரம் மணி நேரம். 2015-இல் படங்கள் 4கே-யில் வந்தன. எல்லோரும் இதை மீட்டெடுப்பின் வெற்றி என்று சொல்கிறார்கள். சரிதான். எனக்கு அந்த 20 ஆண்டுகள்தான் முக்கியமாகப் படுகின்றன. எரிந்த சுருளுக்கும் அலமாரியில் இடம் ஒதுக்கியவர் ஒருவர் இருந்தார்.

## ஆட்கள், பட்டியல், திரையிடல்

கல்வெட்டு வைக்க முடியாத செலவு. அறைக்குப் பெயர் சூட்டலாம், ஸ்கேனரில் நன்கொடையாளர் பெயரை ஒட்டலாம், சம்பளத்தில் எங்கே ஒட்டுவது?

சுருள் மேஜையில் ஒரு டப்பாவைத் திறப்பதைப் பார்த்தால் இது ஏன் தேவை என்று புரியும். மூடி துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கும், விளிம்பில் மெல்லத் தட்டித் திறக்க வேண்டும். முதலில் மூக்கு வேலை செய்யும்: புளிப்பு வருகிறதா, எவ்வளவு? மேலே ஒட்டிய சீட்டில் ஒரு படத்தின் பெயர், ஏழாவது ரீல் என்று எழுதியிருக்கும். சுருளின் தொடக்கத்தில் மையால் எழுதியிருப்பது நான்கு, அதுவும் வேறு படம். கைராட்டினத்தில் மெதுவாகச் சுற்றியபடி இரண்டு விரலுக்கு நடுவே ஓரத்தை ஓடவிடுவார்கள், கிழிந்த துளை விரலில் சுருக்கென்று இடறும், நிறுத்தி, குறித்துக்கொண்டு, அடுத்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு நாளில், ஒரு காப்பகத்தில் இந்த வேலை பார்க்கும் அம்மா ஒருவர் எட்டு டப்பா முடித்தார், அவற்றில் மூன்றில் சீட்டும் சரக்கும் வேறு வேறு. அந்தக் காப்பகத்தின் பட்டியலோ முழுக்கச் சீட்டைப் பார்த்து எழுதப்பட்டது.

சீட்டைத் தாண்டிப் பார்த்தால் என்ன கிடைக்கும்? 1927-இல் பெர்லினில் வெளியான மெட்ரோபோலிஸ் என்ற மௌனப் படம் உடனே வெட்டப்பட்டு, முழுப் படம் இல்லை என்றே 80 ஆண்டுகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். அர்ஜென்டினாவில் பெர்னாண்டோ மார்ட்டின் பென்யா என்ற திரைப்பட வரலாற்றாளர், ஒரு ஃபிலிம் கிளப்காரர் அந்தப் படத்தை ஓட்டிய கதையைச் சொல்லக் கேட்டபோது அது வழக்கத்துக்கு மீறி நீளமாக ஓடியிருப்பதைக் கவனித்தார். அந்தப் பிரதியைப் பார்க்க வழி கிடைக்க அவருக்கு வருடக்கணக்கில் ஆனது. 2008-இல் புவனோஸ் ஐரஸின் சினிமா அருங்காட்சியகத்திலிருந்து 16 மிமீ நெகட்டிவ் ஒன்று வெளியே வந்தது, காணாமல் போன சுமார் 25 நிமிடம் அதில் இருந்தது. உலகமே தேடிய படம் ஒரு பொதுக் காப்பகத்தின் அலமாரியில்தான் உட்கார்ந்திருந்தது.

மறுபக்கம், காணாமல் போனவற்றின் அளவு. 1912 முதல் 1929 வரை வெளிவந்த ஏறக்குறைய 11,000 அமெரிக்க முழுநீள மௌனப் படங்களில் வெளியான வடிவத்தில் 35 மிமீ சுருளாக முழுதாக மிஞ்சியவை 14 சதவீதம்தான் என்று லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 2013-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. எது எந்த நாட்டில் எந்த டப்பாவில் இருக்கிறது என்று பட்டியல்கள் இருப்பதால்தான் இப்படி எண்ணவே முடிகிறது.

திரையிடலையும் இதோடுதான் சேர்ப்பேன், அதுவும் ஆள் வேலைதான் என்பதால். காட்டுவதா, காப்பதா என்ற சண்டை பழையது. பாரிஸில் காப்பகம் நடத்திய ஆன்றி லாங்லுவா கையில் கிடைத்ததையெல்லாம் காட்டினார், லண்டனில் காப்பகப் பொறுப்பில் இருந்த எர்னஸ்ட் லிண்ட்கிரென் மூலப் பிரதியை ஓட்டவே விடமாட்டார். லாங்லுவாவின் அரங்கில் உட்கார்ந்துதான் ஒரு தலைமுறை இயக்குநர்கள் உருவானார்கள், லிண்ட்கிரென் பூட்டி வைத்ததால்தான் பல பிரதிகள் இன்று ஸ்கேனரில் ஏற்றும் நிலையில் இருக்கின்றன. இருவரில் யார் பக்கம் என்று கேட்டால் நான் ஞாயிற்றுக்கிழமை லாங்லுவா, மற்ற ஆறு நாளும் லிண்ட்கிரென்.

மறைவான செலவு: பழக்க வருடங்கள் ஆகும், பழகியவர் நல்ல சம்பளத்துக்குத் தனியார் லேபுக்குப் போய்விடுவார். ஒப்பந்த வேலை என்றால் இரண்டு வருடத்தில் எல்லா அறிவும் வாசலோடு வெளியேறும். பணம் நின்றால் ஆள் இல்லை, ஆனால் அவர் எழுதிவிட்டுப் போன பட்டியல் இருக்கும், அது வாடகை கேட்காது.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | குளிர் அறை | ஸ்கேன் | முழு மீட்டெடுப்பு | ஆட்கள், பட்டியல் |
|---|---|---|---|---|
| எத்தனை படம் | அறை கொள்ளும் மட்டும் | நூற்றுக்கணக்கில் | ஒன்று, இரண்டு | இருக்கும் எல்லாம் |
| மூலத்தின் ஆயுள் | பல மடங்கு கூடும் | கூடாது, தேய்மானம் மட்டும் குறையும் | கூடாது | நோயைச் சீக்கிரம் பிடிக்கலாம் |
| தப்பைத் திருத்தலாமா | ஈரம் புகுந்துவிட்டால் கஷ்டம் | மூலம் இருந்தால் முடியும் | முன் ஸ்கேன் இருந்தால் முடியும் | முடியும் |
| மக்கள் பார்வைக்கு | ஒன்றும் இல்லை | நிறைய | குறைவு, ஆனால் பிரமாதம் | திரையிட்டால் உண்டு |
| தொடர் செலவு | மின்சாரம், பழுது | சேமிப்பு, டேப் மாற்றம் | சேமிப்பு, உரிமம் | சம்பளம் |
| 3 ஆண்டு பட்டினி | மெல்லக் கெடும் | திடீரென்று போகலாம் | வெளியே போன பிரதிகள் மிஞ்சும் | ஆள் போவார், ஏடு இருக்கும் |

## சரி, யாருக்கு எது

உங்கள் காப்பகத்தில் பெரும்பகுதி அசிடேட் என்றால், வெப்பமான ஊர் என்றால், அடுத்த பத்தாண்டுக்கு மின்சாரத்துக்கு யாராவது எழுத்தில் பொறுப்பேற்றால், குளிர் அறைதான். எழுத்தில் இல்லையென்றால் அறையைச் சிறிதாக்கி மீதியை மின்சாரத்துக்கென்று வங்கியில் போடச் சொல்லுங்கள். பக்கத்துக் காப்பகம் ஏற்கெனவே கட்டிய அறையில் அலமாரியை வாடகைக்கு எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது, இரண்டு அமைப்புகளின் கௌரவப் பிரச்சினைதான் குறுக்கே நிற்கும்.

வீடியோ டேப் நிறைய இருந்தால் நான் இதுவரை சொன்ன வரிசையைக் கிழித்துப் போடுங்கள். அங்கே ஸ்கேன், அதாவது டிஜிட்டலாக்கம்தான் முதல், உடனே. யூமேட்டிக், பீட்டாகேம் டேப்பைக் குளிரில் வைத்து என்ன பயன், அதை ஓட்டும் இயந்திரமே இல்லாமல் போகப்போகிறது. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகம் 2015-இல், காந்த டேப்புகளை 2025-க்குள் மாற்றவில்லையென்றால் அவற்றில் பெரும்பாலானவை போய்விடும் என்று எச்சரித்தது. அந்த ஆண்டு வந்துவிட்டது. படச்சுருளை ஒரு விளக்கும் லென்ஸும் இருந்தால் எந்தக் காலத்திலும் பார்க்கலாம், டேப்புக்கு அதே தேய்ந்த ஹெட்தான் வேண்டும்.

சுருளிலும் ஏற்கெனவே முற்றிப் புளித்தவை இருந்தால் அவற்றை மட்டும் எடுத்து ஸ்கேன் செய்யுங்கள், குளிர் அவற்றுக்குக் காலம் கடந்த மருந்து. புகழ்பெற்ற பத்துப் படத்தை முதலில் ஸ்கேன் செய்யும் ஆசை எல்லோருக்கும் வரும். அவற்றுக்கு ஏழெட்டுப் பிரதி எங்காவது இருக்கும். யாரும் கேள்விப்படாத செய்திப்படத்தின் ஒரே நெகட்டிவ் புளித்துக்கொண்டிருக்கும்.

மீட்டெடுப்புக்கு நான் ஆம் சொல்வது இரண்டு நிலையில்தான். வெளியிலிருந்து ஒருவர் அந்தப் படத்துக்கு மட்டும் என்று பணம் தருகிறார், வேறு எதற்கும் தரமாட்டார் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் முன் ஸ்கேனைப் பாதுகாக்கும் செலவையும் அதிலேயே சேர்த்துக் கேளுங்கள். அல்லது, காப்பகத்தை மூடிவிடலாமா என்று அரசு யோசிக்கும் நேரத்தில் ஒரு பெரிய திரையிடல் அரசியல் காப்பீடாக உதவும் என்றால் செய்யலாம்.

இன்றைய டிஜிட்டல் படங்களைச் சேர்க்கும் காப்பகம் என்றால் ஒரே ஒரு வார்த்தை: தியேட்டருக்குப் போகும் பூட்டுப் போட்ட ஃபைலை வாங்கி அடுக்காதீர்கள். சாவியின் காலக்கெடு முடிந்ததும் அது செங்கல். பூட்டில்லாத மூல ஃபைலைத் தயாரிப்பாளரிடம் கேட்டு வாங்க வேண்டும், படம் வெளியான சூட்டில் கேட்டால்தான் தருவார்.

மற்ற எல்லா நிலையிலும், குறிப்பாக உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாத காப்பகத்தில் (அப்படிப்பட்டவைதான் அதிகம்), முதல் தொகை அந்த நான்காவது ஆள் சொன்னதற்கே போக வேண்டும். இரண்டு பேர், மூன்று வருடம், ஒரு சுருள் மேஜை. அவர்கள் கொடுக்கும் பட்டியல் இல்லாமல் குளிர் அறை எவ்வளவு பெரிதாக வேண்டும் என்றே தெரியாது, எதை முதலில் ஸ்கேன் செய்வது என்றும் தெரியாது.

அதற்கும் முன்னால், இந்த வாரமே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. ஏ-டி ஸ்ட்ரிப் என்று சின்னக் காகிதத் துண்டுகள் விற்கிறார்கள், அமிலம் பட்டால் நீலத்திலிருந்து பச்சைக்கும் பிறகு மஞ்சளுக்கும் மாறும். கிடங்கின் வெவ்வேறு மூலைகளிலிருந்து நூறு அசிடேட் டப்பாக்களை எடுத்து ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு போட்டு மூடுங்கள், அறை வெப்பத்தில் ஒரு நாளாவது இருக்கட்டும். மறுநாள் திறந்து எத்தனை நீலம், எத்தனை பச்சை, எத்தனை மஞ்சள் என்று எண்ணி, அந்த மூன்று எண்களோடு அடுத்த கூட்டத்துக்குப் போங்கள்.